ரசீதின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி

இந்த இதழில் மண்ணையும் மாட்டையும் விட்டுவிட்டுக் காகிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். லாரி பார்சல் ஆபீஸ் ரசீது, விதைக் கம்பெனி பில், பவர் டில்லர் வாங்கிய இன்வாய்ஸ், எதை வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பாருங்கள. அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'எல்லா வழக்குகளும் மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை.' மும்பைக்குப் பதில் டெல்லி, பெங்களூரு, ஐதராபாத் என்று ஊர் மாறும், வரி மாறாது.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் காகிதம் படித்தே காலம் தள்ளியவன் நான். வாடிக்கையாளர் அதிகம் படிக்காத வரிதான், தகராறு வந்ததும் வக்கீல் முதலில் தேடும் வரி என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள் இப்போது தூயமல்லி அரிசியும் செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் வெளிமாநிலங்களுக்கு லாரியில் அனுப்புகிறார்கள். விளைச்சலைக் கொள்முதல் செய்து, தரம் பிரித்து, விற்றுத் தருகிறோம் என்று சேவை ஒப்பந்தத்தோடு கம்பெனிகளும் தோட்டத்துக்கே வருகின்றன. சரக்கு கெட்டாலோ பணம் நின்றாலோ, யார் மேல் தப்பு என்பது பிறகு. முதல் சண்டை எந்த ஊரில் சண்டை போடுவது என்பதுதான். அந்தச் சண்டையிலேயே பாதிப் பேர் களைத்துப் போய் வந்ததை வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளில் நமக்கு ரொம்பவும் பக்கத்தில் இருப்பது ஓர் ஏலக்காய் வழக்கு. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்த பிரசாத் டிரேடிங் கம்பெனி, படேல் ரோட்வேஸ் என்ற லாரி நிறுவனத்தின் போடி அலுவலகத்தில் 850 மூட்டை ஏலக்காயை ஒப்படைத்தது. டெல்லியில் சேர்க்க வேண்டிய சரக்கு. லாரி டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது, சரக்கைக் கிடங்கிலும் இறக்கினார்கள். கிடங்கில் தீப்பிடித்து மூட்டைகள் எரிந்தும் கெட்டும் போயின. வியாபாரி நஷ்டஈடு கேட்டுப் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். போடி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவது.

லாரி நிறுவனம் எடுத்து நீட்டியது அந்த ஒரு வரியைத்தான். 'எங்கள் தலைமை அலுவலகம் பம்பாயில். பம்பாய் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெரியகுளத்தில் வழக்கு நடத்த முடியாது' என்றது. ஏலக்காய் ஏற்றியது போடியில், எரிந்தது டெல்லியில். பம்பாயில் ஒரு காய்கூட இறங்கவில்லை. ஆனாலும் வாதம் வலுவானதுதான். ஏனென்றால் 1971-லேயே ஹக்கம் சிங் – கேமன் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதியைச் சொல்லியிருந்தது. ஒரு வழக்கை இரண்டு ஊர்களில் நடத்தலாம் என்று சட்டம் இடம் கொடுத்தால், அதில் ஓர் ஊரை மட்டும் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளலாம், அது செல்லும். சட்டப்படி அதிகாரமே இல்லாத ஓர் ஊர் நீதிமன்றத்துக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுத்துவிட முடியாது. இந்த இரண்டாவது பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே கேள்வி இப்படி ஆனது: பம்பாய்க்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இரண்டு வழி காட்டுகிறது. எதிராளி குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரில் வழக்குப் போடலாம். வழக்கு மூலம், அதாவது தகராறுக்குக் காரணமான நிகழ்ச்சி முழுவதுமோ ஒரு பகுதியோ நடந்த ஊரிலும் போடலாம். எதிராளி கம்பெனியாக இருந்தால் அது எந்த ஊரில் 'தொழில் நடத்துகிறது'? அதற்கு அந்தப் பிரிவிலேயே ஒரு விளக்கம் உண்டு. கம்பெனி தன் தலைமை அலுவலகத்தில் தொழில் நடத்துவதாகக் கொள்ள வேண்டும், 'அல்லது' கிளை அலுவலகம் இருக்கும் ஊரில் வழக்கு மூலம் எழுந்தால் அந்த ஊரில் நடத்துவதாகக் கொள்ள வேண்டும்.

நிறுவனம் அந்த 'அல்லது' இரண்டு ஊருக்கும் சேர்த்து என்று படிக்கப் பார்த்தது. நீதிமன்றம் ஒப்பவில்லை. கிளை உள்ள ஊரில் வழக்கு மூலம் எழுந்துவிட்டால் அந்தக் கிளையூர்தான் கணக்கு, தலைமை அலுவலகம் அந்த விஷயத்தில் கணக்கில் வராது என்றது. போடியில் கிளை இருக்கிறது, சரக்கை ஒப்படைத்ததும் போடியில். ஆகவே இந்தத் தகராறைப் பொறுத்தவரை பம்பாய்க்கு அதிகாரமே இல்லை. இல்லாத அதிகாரத்தை ரசீது வரி கொடுக்க முடியாது. 1991 ஆகஸ்டில் வந்தது தீர்ப்பு. லாரி நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடி. கிளையோடுதான் ஒருவன் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறான், அவனைத் தலைமை அலுவலகம் இருக்கும் தூர ஊருக்கு ஓடவிடுவது கொடுமை என்பதுதான் இந்த விளக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயம். அந்தத் தீர்ப்போடு சேர்த்து முடிந்த இன்னொரு வழக்கின் சரக்கு, சென்னையில் ஏற்றிய பூச்சிக்கொல்லி. டெல்லிக்குக் கெட்டுப்போய்ச் சேர்ந்ததாம். அதற்காக வருத்தப்பட நம் இதழில் ஆள் கிடைப்பது கடினம்.

ஒன்றைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்தது ஊர்ச் சண்டை மட்டும்தான். ஏலக்காய்க்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. இதனால்தான் சொல்கிறேன், அந்த ஒரு வரி சும்மா அச்சடித்த அலங்காரம் இல்லை.

லாரி விஷயம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2011 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ளது. சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே நிற்காது. 'பாத்துப் பண்ணித் தரோம் சார்' என்று ஆறு மாதம் இழுத்துவிட்டால் அவர்கள் ஜெயித்த மாதிரி. இன்னொன்று, அதிக ரிஸ்க் கட்டணம் கட்டாமல் சாதாரணமாக அனுப்பினால், பொறுப்பு லாரி வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். 600 ரூபாய் வாடகைக்குப் போகும் தேன் டின்களின் விலை 40,000 என்றால், கிடைக்கக்கூடியது 6,000தான். விலையை எழுதிக் கொடுத்து, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

சரி, கிளை இல்லாத கம்பெனி என்றால்? அங்கேதான் சொற்களின் விளையாட்டு. இதற்கும் நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது. சேலம் ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியிடம் மெட்டாலிக் நூல், நம் ஜரிகைக்குச் சொந்தக்கார நூல், 1974-ல் ஆர்டர் கொடுத்தது. சரக்கு சரியாக வரவில்லை என்று சுமார் 1 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கேட்டுச் சேலத்தில் வழக்கு. ஒப்பந்தத்தின் 11ஆம் ஷரத்து 'இந்த விற்பனையிலிருந்து எழும் தகராறு கைரா அதிகார எல்லைக்கு உட்பட்டது' என்றது. 1918-ல் வரிகொடா சத்தியாகிரகம் நடத்திய அதே கைரா. அமுல் பால் சங்கம் பிறந்ததும் அங்கேதான். விவசாயிக்குப் பெருமை சேர்த்த ஊர், சேலத்து வியாபாரிக்குத் தலைவலியாக வந்தது.

சேலம் சார்பு நீதிமன்றம், இங்கே முடியாது என்று பிராதைத் திருப்பிக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சேலத்துக்கே சரி என்று முடித்தது. காரணம், ஷரத்தில் 'மட்டும்' என்ற சொல் இல்லை. 'மட்டும்', 'மட்டுமே', 'பிரத்தியேகமாக' போன்ற சொல் இருந்திருந்தால் மற்ற ஊர்கள் விலக்கப்பட்டதாகக் கொள்ளலாம். இல்லாதபோது கைராவுக்கும் அதிகாரம் உண்டு, சேலத்துக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதாத ஒரு சொல் சேலத்துக்காரரைக் காப்பாற்றியது.

இதைப் படித்துவிட்டு, 'நம்ம ரசீதுல மட்டும்னு இல்லையே, தப்பிச்சோம்' என்று நினைக்க வேண்டாம். 24 வருடம் கழித்து, 2013 ஜூலையில், ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கு வந்தது. ஜெய்ப்பூரில் ஐ.பி.பி. நிறுவனத்தின் மசகு எண்ணெயை விற்றுக் கொடுக்கும் கன்சைன்மென்ட் ஏஜென்ட் வேலை. சரக்கை வாங்கி வைத்து, விற்று, கணக்குக் கொடுக்கும் சேவை ஒப்பந்தம். விற்காத சரக்கு தேங்கியதில் தகராறு. ஐ.பி.பி. பிறகு இந்தியன் ஆயிலோடு சேர்ந்துவிட்டது. ஒப்பந்தத்தின் 18ஆம் ஷரத்து 'இந்த ஒப்பந்தம் கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகார எல்லைக்கு உட்பட்டது' என்றது. இங்கேயும் 'மட்டும்' இல்லை. ஏஜென்ட் அதைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு மாதிரி படித்தது. ஓர் ஊரின் பெயரை வேலை மெனக்கெட்டு ஒப்பந்தத்தில் எழுதினால், மற்ற ஊர்கள் வேண்டாம் என்பதுதானே எண்ணம்? சொல் இல்லாததால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, கொல்கத்தாதான் என்றது.

ஒரே மாதிரி வரி, இரண்டு ஊர், இரண்டு முடிவு. எனக்குச் சேலத்து நியாயம்தான் பிடிக்கிறது. மை கொட்டி எழுதியவன் கம்பெனி, அவன் விட்ட சொல்லுக்கு அவனே பொறுப்பு என்று இருப்பதுதான் நேர்மை. ஆனால் என் விருப்பத்தைக் கேட்டுத் தீர்ப்புகள் வருவதில்லை. இன்றைக்கு வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது 2013 தீர்ப்பைத்தான். 2025 ஏப்ரலில் எச்.டி.எஃப்.சி. வங்கி ஊழியர்கள் வழக்கிலும் இதே போக்கு தொடர்ந்தது. பாட்னாவிலும் டெல்லியிலும் வேலை பார்த்தவர்கள், பணி ஒப்பந்தத்தில் மும்பை என்று இருந்ததால் மும்பையில்தான் வழக்குப் போட வேண்டும் என்று ஆயிற்று.

எழுதியவன் தலையில் ஐயத்தின் பாரம் விழுந்த தீர்ப்பும் உண்டு. 2000-த்தில் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்தன. ஓய்வூதியத்துக்கு ஐந்து வருடப் பணியைக் கூட்டித் தர வேண்டுமா என்று பெரிய சண்டை. 2009 மார்ச்சில் பேங்க் ஆஃப் இந்தியா – மோகன்தாஸ் வழக்கில், திட்டத்தை எழுதியது வங்கிகள், வாசகம் தெளிவில்லை என்றால் அந்தப் பாரத்தை வங்கிகளே சுமக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். வங்கித் தொழிலில் இருந்த எங்களைப் போன்றவர்கள் அந்தத் தீர்ப்பை வரிவரியாகப் படித்தோம். ஆனால் இந்த விதி ஐயம் இருக்கும் இடத்தில் மட்டுமே உதவும். 'பெங்களூரு மட்டும்' என்று தெளிவாக அடித்து வைத்திருந்தால் ஐயத்துக்கு ஏது இடம்?

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். தாம்பரத்துக்கு மேற்கே, படப்பை, மணிமங்கலம் பக்கம் கீரையும் காய்கறியும் போடும் 23 பேர் சேர்ந்த குழு எங்களுடையது. வெளிமாநிலத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) போன ஆவணியில் சேவை ஒப்பந்தம் கொண்டு வந்தது. தினமும் காலையில் படப்பையில் உள்ள தங்கள் சேகரிப்பு மையத்தில் காயை வாங்கி, தரம் பிரித்து, சென்னையில் விற்று, 18 விழுக்காடு சேவைக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுவார்கள். விற்காமல் திரும்பும் காய் நம் கணக்கு. பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். 'சார், நீங்க பேங்க்ல இருந்தவரு, ஒரு பார்வை பாத்துடுங்க' என்று என்னிடம் வந்தது.

விலை, கழிவு பற்றிய பக்கங்களில் எல்லோரும் பேசினோம். 9ஆம் ஷரத்தையும் 17ஆம் ஷரத்தையும் நான் வாசித்தபோது கூட்டத்தில் பாதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். 17: வழக்குகள் தலைமை அலுவலக ஊர் நீதிமன்றத்தில் மட்டும். 9: தகராறு வந்தால் நிறுவனம் நியமிக்கும் ஒரே நடுவர் தீர்ப்பார், நடுவர் விசாரணையின் அமர்விடமும் அதே ஊர்.

'சார், கேஸெல்லாம் யாரு போடப் போறா? ரெண்டு நாள் பணம் லேட்டானா போன் பண்ணுவோம், அவ்ளோதானே' என்றான் குழுவில் இளையவன் ஒருவன். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: தம்பி, நீ கேஸ் போடமாட்டே என்பது அவங்களுக்கும் தெரியணும், அதுக்காகத்தான் அந்த வரி. உனக்கு வரவேண்டியது 40,000 ரூபாய். அந்த ஊருக்கு ரயில், லாட்ஜ், அங்கே வக்கீல், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு நாள் தோட்டத்தை விட்டுப் போகணும். மூணாவது வாய்தாவிலே உன் 40,000 கரைஞ்சிடும். இது அவங்க கணக்கிலே இருக்கு. அதனாலே உன் போனுக்கு அவங்க கொடுக்கிற மரியாதை ஒரு மாதிரி இருக்கும். தாம்பரம் கோர்ட்டிலோ செங்கல்பட்டிலோ நீ கேஸ் போட முடியும்னா அந்த மரியாதை வேற மாதிரி இருக்கும்.

17ஆம் ஷரத்து என்னைப் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. ஏலக்காய் வழக்கு இருக்கிறதே. படப்பையில் போர்டு மாட்டிச் சேகரிப்பு மையம் நடத்துகிறார்கள், சரக்கை ஒப்படைப்பதும் அங்கே. அதைக் கிளை அலுவலகம் என்று வாதாட நல்ல இடம் உண்டு. அப்படி ஏற்றுக்கொண்டால் 'மட்டும்' என்று எழுதியிருந்தாலும் பயனில்லை, தலைமை அலுவலக ஊருக்கு அதிகாரமே வராது.

பயம் 9ஆம் ஷரத்தில்தான். இதற்குக் காரணம் சென்னைக்காரர்களின் வழக்கு ஒன்று. சென்னையின் இண்டஸ் மொபைல் நிறுவனம், அமிர்தசரஸைத் தலைமையிடமாகக் கொண்ட டேட்டாவிண்ட் நிறுவனத்தின் போன்களையும் டேப்லட்களையும் விற்க 2014-ல் ஒப்பந்தம் போட்டது. சரக்கு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் நடுவர் விசாரணை மும்பையில், நீதிமன்ற அதிகாரமும் மும்பைக்கே. மும்பையில் இந்த வியாபாரத்தின் ஒரு துரும்பும் நடக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் மும்பையை ஒதுக்கியது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மும்பைக்கு மட்டுமே அதிகாரம் என்றது. நீதிமன்ற வழக்கில் அதிகாரமில்லாத ஊரைத் தேர்வு செய்ய முடியாது. நடுவர் விசாரணையில் இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத பொது ஊரைக்கூட அமர்விடமாக வைக்கலாம். வைத்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றமே மேற்பார்வை செய்யும். போடி ஏலக்காய்க்காரரைக் காப்பாற்றிய கதவு இங்கே மூடிவிடுகிறது. அதனால்தான் இப்போது ஒப்பந்தம் எழுதுபவர்கள் நீதிமன்ற வரியை விட நடுவர் வரியை நம்புகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் சட்டம் நம் பக்கம் வந்திருக்கிறது. 'நாங்கள் நியமிக்கும் நடுவர்' என்ற பகுதி இன்று நிற்பது கடினம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, தகராறில் அக்கறை உள்ளவர் நடுவராக இருக்க முடியாது. 2019-ல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில், அப்படிப்பட்டவர் இன்னொருவரைத் தனியாக நியமிக்கவும் முடியாது என்று ஆனது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலை நியமனத்துக்கு எதிராகவே சொன்னது. பழைய ஒப்பந்தப் படிவத்தை அப்படியே காப்பி அடிக்கும் கம்பெனிகள் இதைத் திருத்தாமல் வைத்திருக்கின்றன. இதைச் சொல்லித்தான் நாங்கள் பேச்சுவார்த்தையை ஆரம்பித்தோம்.

இன்னொரு வாசல் நுகர்வோர் ஆணையம். இதில் உழவர்களுக்கு 2012 ஜனவரியில் கிடைத்த தீர்ப்பு பெரிய சொத்து. ஆந்திராவில் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கி, கழகத்துக்கே விதைப் பயிர் விளைவித்துக் கொடுக்க ஒப்பந்தம் போட்ட உழவர்கள் உண்டு. விதை சரியில்லை, விளைச்சல் போயிற்று. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். கழகம் மூன்று வாதம் வைத்தது. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருக்கிறது, அங்கே போ. விளைந்ததை எங்களுக்கே விற்கிறாய், அது வணிகம், நீ நுகர்வோர் இல்லை. விதையை ஆய்வகத்தில் சோதிக்கவில்லை. மதுசூதன் ரெட்டி வழக்கு என்று பெயர் பெற்ற இதில் மூன்று வாதமும் எடுபடவில்லை. நுகர்வோர் சட்டம் கூடுதலாகக் கொடுத்த வழி, நடுவர் ஷரத்து அதை அடைக்காது. ஒப்பந்தப்படி விளைவித்துக் கொடுத்தாலும் உழவர் நுகர்வோர்தான். விதை கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே நினைத்து ஒரு பிடி எடுத்து வைக்கும் உழவர் யார்? வயலைப் பார்த்து வேளாண் அலுவலர்கள் கொடுத்த அறிக்கை போதும். அந்தக் கடைசிப் புள்ளிக்காகவே தீர்ப்பை மனதில் வையுங்கள். முளைப்பு சரியில்லை என்றால் அன்றைக்கே வேளாண் அலுவலரை வயலுக்கு வரவைத்து எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் படம் மட்டும் போதாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். தாம்பரம், படப்பைப் பக்கத்துக்காரர்கள் தங்கள் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், எதிராளி எந்த மாநிலமானாலும் சரி. நாம் கொடுத்த விலை அல்லது கட்டணம் 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கும் உழவர், சேவைக் கட்டணம் கட்டுகிறார் என்றால் நுகர்வோர் என்று வாதாட வழி இருக்கிறது. ஆனால் குழுவே ஒரு கம்பெனியாகப் பதிவாகி ஒப்பந்தம் போட்டால், 'இது வணிக நோக்கம்' என்று எதிராளி கட்டாயம் கிளப்புவார். பெயரில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

நீதிமன்ற வாசலையே மொத்தமாக அடைக்கும் முயற்சியும் நடந்தது, மறந்துவிடாதீர்கள். 2020-ல் வந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று விலை உறுதி மற்றும் பண்ணைச் சேவை ஒப்பந்தங்களுக்கானது. அதன் 19ஆம் பிரிவு, அந்தத் தகராறுகள் உரிமையியல் நீதிமன்றத்துக்கே வரக்கூடாது, கோட்ட அளவிலான அதிகாரியிடம் முடியட்டும் என்றது. போராட்டத்தில் மண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு உறுத்தியது இந்தப் பிரிவு. 2021 நவம்பரில் நாடாளுமன்றம் மூன்றையும் திரும்பப் பெற்றது. நம் மாநிலத்தில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கும் சேவைக்கும் 2019-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம். உங்களிடம் வரும் நிறுவனத்திடம் அந்தப் பதிவு செய்வாயா என்று முதல் நாளே கேளுங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வந்த நிறுவனத்தின் கள அலுவலர் நல்ல பையன். 'அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார், இதுவரைக்கும் யார் மேலயும் நாங்க கேஸ் போட்டதே இல்ல' என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எழுத்தில் ஒன்று இருக்கும்போது வாய்ப்பேச்சைக் கொண்டு அதை மாற்ற சாட்சியச் சட்டம் விடாது. பழைய சட்டத்தில் 91, 92ஆம் பிரிவுகள், 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 94, 95. 'ஃபார்மாலிட்டி என்றால் எடுத்துவிடலாமே தம்பி' என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

நாங்கள் எழுதிக் கொடுத்த மாற்று வாசகம் இது: 'இந்த ஒப்பந்தத்திலிருந்து எழும் எந்த வழக்கையும் விளைபொருள் ஒப்படைக்கப்பட்ட இடத்தின் மீது அதிகாரம் உள்ள நீதிமன்றத்திலும் தொடரலாம். நடுவர் இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் ஒருவராக இருப்பார். நடுவர் விசாரணையின் அமர்விடம் செங்கல்பட்டு.' 'அமர்விடம்' என்ற சொல்லை விடாமல் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 'விசாரணை செங்கல்பட்டில் கூடலாம்' என்று மட்டும் எழுதினால், அது வசதிக்குக் கூடும் இடம்தான், சட்டப்படி அமர்விடம் வேறு என்று பின்னால் வாதாடுவார்கள். ஒப்பந்தத்தின் தமிழ் நகலும் வேண்டும், அதிலும் நிறுவனம் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டோம்.

ஐப்பசியில் பதில் வந்தது. நடுவர் நியமனத்தைப் பொதுவாக்க ஒப்புக்கொண்டார்கள், 17ஆம் ஷரத்தில் 'மட்டும்' என்பதை எடுத்துவிட்டுச் செங்கல்பட்டையும் சேர்த்தார்கள். அமர்விடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த ஒன்றுக்காக விற்பனையை விட முடியாது என்று 12 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் அறுக்க வேண்டிய கீரை ஷரத்துக்காகக் காத்திருக்காது. நான் உட்பட 11 பேர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தாம்பரம், சேலையூர் அடுக்ககங்களுக்கு நேராகவும் விற்கிறோம். எடை குறைவு, அலைச்சல் அதிகம்.

கையெழுத்திட்டவர்களிடம் இரண்டு வேலை சொல்லியிருக்கிறேன். வீட்டில் பெண்கள் பெயரில் நிலம் இருந்தால் ஒப்பந்தமும் அவர்கள் பெயரில் இருக்கட்டும். தகராறு வந்தால் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அடுத்தது, தினமும் காய் இறக்கியதும் கொடுக்கும் ஒப்புகைச் சீட்டில் எடையோடு 'பெற்றுக்கொண்ட இடம்: படப்பை மையம்' என்று எழுதி, மையத்தின் ரப்பர் ஸ்டாம்ப்பும் தேதியும் போட்டு வாங்க வேண்டும். முதல் வாரம் மையத்துப் பையன் முனகினானாம். இப்போது அவனே ஸ்டாம்ப்பைத் தயாராக வைத்திருக்கிறான்.